எட்டு டைல் தூரத்துக்கு ஒரு லென்ஸ்

கடைக்காரர் கண்ணாடி மேஜை மேல் இரண்டு பழைய காமிரா லென்ஸை எடுத்து வைத்தார். நான் முதலில் தரையைப் பார்த்தேன். இரண்டடிக்கு இரண்டடி டைல். போட்டவன் அவசரக்காரன், மூலையில் இரண்டு டைல் சேரும் இடத்தில் நகம் தட்டுகிற அளவுக்கு மேடு. தரையை இப்படி விட்டிருக்கிறவரிடம் கண்ணாடிச் சாமான் வாங்குவதா என்று யோசனை ஓடியது. ஆனால் மணி இரண்டரை ஆகிவிட்டது.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஆட்களை உள்ளே விடுவார்கள். ஐந்து மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு என் தம்பியின் தொண்டையில் கத்தி வைக்கிறார்கள். கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்தாக வேண்டுமாம். உயிர் தங்கினாலும் குரல் தங்காது என்று டாக்டர் என் தங்கச்சியிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு படம் எடுக்க வேண்டும். தம்பி கேட்டது அது ஒன்றைத்தான்.

காமிரா என் மகள் கொடுத்தது. முட்டி தேய்ந்து டைல் வேலையை விட்டபோது, "வீட்ல உக்காந்து எல்லாரையும் திட்டிட்டே இருக்காதீங்கப்பா" என்று அவளுடைய பழையதைக் கொடுத்தாள். ஒன்றரை வருஷமாக எடுக்கிறேன். சுவர், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, மழைநீர்க் குழாய். அசையாத சாமானாகப் பார்த்துத்தான் எடுப்பேன். போன மாதம் தங்கச்சி வீட்டில், மங்கலான விளக்கில், காமிராவோடு வந்த லென்ஸை வைத்து அவள் குடும்பத்தை எடுத்தேன். எல்லோரும் ஆவி மாதிரி கலங்கிப்போய் வந்தார்கள். தம்பியின் அறை அதைவிட இருட்டு. அதனால்தான் இன்னொரு லென்ஸ்.

சின்னதைக் கையில் எடுத்தேன். காதருகே வைத்து விரலால் தட்டினேன்.

"பெரியவரே, அது டைல்ஸ் இல்ல. தட்டிப் பாக்காதீங்க."

"உள்ளே கோளாறு இருந்தா சத்தம் சொல்லிடும்."

"லென்ஸுக்கு அப்படியெல்லாம் இல்லீங்க. பூஞ்சை இருக்கான்னுதான் பாக்கணும்." டார்ச் விளக்கை எடுத்து லென்ஸுக்குள் அடித்துக் காட்டினார். "பாருங்க. சுத்தம்."

"சுத்தமா இருக்கறத ஒருத்தன் எதுக்கு விப்பான்?"

"இதைவிடப் பெருசா வாங்கறதுக்கு."

பதில் தயாராக வைத்திருந்தார். தயாராகப் பதில் வைத்திருக்கிறவர்களோடு நாற்பது வருஷம் வேலை பார்த்திருக்கிறேன்.

"அண்ணே, காய்கறி பொறுக்கற மாதிரி பொறுக்காதே. மணியாகுது," என்றாள் தங்கச்சி. துணி தைத்துக் கொடுக்கிறவள். பாதி வேலையை அப்படியே போட்டுவிட்டு என்னோடு வந்திருந்தாள். புடவைத் தோளில் ஊசி ஒன்று நூலோடு குத்தியபடியே இருந்தது.

கடைக்காரர் விளக்கினார். ஒன்று ஐம்பது மில்லிமீட்டர், இன்னொன்று முப்பத்தைந்து. இரண்டுமே நான் வைத்திருப்பதைவிட ஐந்தாறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வித்தியாசம் அகலத்தில்தான். ஐம்பது, ஆளைக் கிட்டே இழுத்துக் காட்டும்; பக்கவாட்டில் சுருங்கிவிடும். முப்பத்தைந்து விரித்துக் காட்டும்.

"ரூம் எவ்வளவு பெருசுங்க?"

"கட்டில் ஓரத்துல உக்காந்தா, மூஞ்சியிலேர்ந்து எதிர்ச் சுவர் வரைக்கும் எட்டு டைல். ஓரடி டைல்."

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். "நீ எப்போ போனே?"

"நேத்து."

"சின்னண்ணன் சொல்லவே இல்லையே."

"அவன ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க."

"ஆள் இல்லாத நேரமாப் பாத்துப் போயி, தரையை எண்ணிட்டு வந்திருக்கே."

கடைக்காரர் நடுவில் புகுந்தார். "எட்டடின்னா முப்பத்தஞ்சுதாங்க வசதி. விலை மட்டும் கொஞ்சம் கூட."

கொஞ்சம் இல்லை. ஐம்பது அதில் பாதி விலை. முப்பத்தைந்து இருந்த பெட்டியின் மூடியில் விரலால் பெயர் எழுதலாம் போலத் தூசி. விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று தோன்றியது.

"எடுத்துப் பாக்கலாமா?" என்றேன்.

நாலு டைல் எண்ணினேன். எட்டடி. அந்தக் கோட்டில் தங்கச்சியையும் கடைக்காரரையும் நிறுத்தி, மூன்றாவது ஆளுக்கு ஒரு நாற்காலியைப் போட்டேன். ஐம்பதில் பார்த்தால் இரண்டு பேரும் தோளோடு தோள் நின்றதோடு சரி; நாற்காலியின் ஓரம் மட்டும் எட்டிப் பார்த்தது. முப்பத்தைந்தில் நாற்காலியும் வந்தது, பின்னால் இருந்த அலமாரியும் வந்தது.

"ஐம்பதே போதும்," என்றேன். "ரெண்டு பேருதானே."

"எந்த ரெண்டு பேரு?" என்றாள் தங்கச்சி.

"நீயும் அவனும்."

"நீ?"

"எடுக்கறவன் எப்படிப் படத்துல இருப்பான்?"

கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "டைமர் இருக்குங்களே. அமுக்கிட்டுப் பத்து செகண்டுல போய் உக்காந்துக்கலாம்."

"என் முட்டி பத்து செகண்டுல எங்கேயும் போகாது."

தங்கச்சி என் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்தினாள். "சின்னண்ணன் என்ன கேட்டாருன்னு உனக்குச் சொன்னேனா இல்லையா? மூணு பேரும் இருக்கற மாதிரி ஒண்ணுன்னாரு. வயசு அறுபதைத் தாண்டிடுச்சு, நம்ம மூணு பேரும் சேர்ந்து ஒரு படம் கிடையாது. நாளைக்கு என்ன ஆகும்னு டாக்டருக்கே தெரியல. நீ ஆளை விட்டுட்டுத் தரையை எண்ணிட்டு வர்றே. இப்ப உன்னை வெளியே தள்ற லென்ஸாப் பாத்து வாங்கறே."

"விலையப் பாத்து வாங்கறேன்."

"பொய்."

எங்கள் சண்டைக்குப் பதினோரு வயது. ஒரு தங்கும் விடுதியில் பதினாலு குளியலறை, நானும் தம்பியும் சேர்ந்து டைல் போட்டோம். குமிழி ஓடுவதைப் பார்த்து மட்டம் சொல்லும் ரசமட்டத்தை எந்த வேலையிலும் அவன் கீழே வைக்க மாட்டான். வேலையிடத்தில் அவன் பெயரே ரசமட்டம்தான். வேலை முடிந்த அன்று பொறியாளர் வந்து நின்றபோது, இவனாகவே ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினான். தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் கதவுப் பக்கம் ஓடியது. "வாட்டம் தப்பா இருக்கு சார்" என்றான். ஒன்பது அறையில் அப்படித்தான் இருந்தது. அந்தச் சரிவுக்குச் சுவரில் குறி வைத்தது யார் என்று பொறியாளர் கேட்டார். நான் சரியாக வைத்த குறியைத் தம்பி மாற்றிவிட்டான் என்று சொன்னேன். அன்றைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் சிமெண்டுக் கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு போனான். பிறகு நாங்கள் பேசவில்லை.

ஐம்பதையே வாங்கினேன்.

கடைக்காரர் ரசீது எழுதினார். பிடிக்காவிட்டால் மூன்று நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதச் சொன்னேன், எழுதினார். கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன், போட்டார்.

"ஒண்ணு கவனிங்க," என்றார். "இருட்டுல இதை முழுசாத் திறந்துதான் எடுக்கணும். அப்படி எடுத்தா ஒரு ஜாண் ஆழம்தான் தெளிவா வரும். முன்னே சாஞ்சாலும் கலங்கும், பின்னே சாஞ்சாலும் கலங்கும். எல்லா மூஞ்சியும் ஒரே நூல்ல இருக்கணும். தெளிவு கிடைச்சதும் பக்கத்துல இருக்கற இந்தப் பொத்தானைத் தள்ளிடுங்க. அப்புறம் அதுவா மாத்திக்காது."

டைல் வரிசைக்கு நூல் இழுத்துக் கட்டியே பழகியவன் நான்; நூல் என்று சொன்னதும் அவர் பேச்சில் முதல் முறையாக எனக்கு ஒன்று புரிந்தது.

பஸ்ஸில் தங்கச்சி எனக்கு இரண்டு இருக்கை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். திரும்பவே இல்லை.

மூன்றாவது மாடி. அறையில் இரண்டு கட்டில், நடுவில் திரை. பக்கத்துக் கட்டில்காரருக்குத் தலையில் கட்டு. வெளிச்சம் ஆகாது என்று விளக்கை அணைத்து, ஜன்னலையும் பாதி மூடியிருந்தார்கள். வாசலில் நர்ஸ் என் கழுத்தில் தொங்கிய காமிராவைப் பார்த்தார்.

"ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. அஞ்சு மணிக்கு நானே வந்து அனுப்பிடுவேன். அவரை ரொம்பப் பேச வைக்காதீங்க."

தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தான். தோளெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கழுத்து மட்டும் வீங்கியிருந்தது. சிமெண்டு மூட்டையை இரண்டு கையிலும் தூக்குகிறவன். என்னைப் பார்த்தான். நான் காமிராவின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"நேத்து வந்தது நீதானே," என்றான். குரல், சல்லடையில் மணல் சலிக்கிற மாதிரி வந்தது. "ஒரு பெரியவர் வந்து தரையை எண்ணிட்டுப் போனாருன்னு பக்கத்துக் கட்டில்ல சொன்னாங்க. உன்னைத் தவிர வேற எவன்."

"எட்டு," என்றேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் நான் சொன்ன முதல் வார்த்தை.

"எட்டும் பொக்கு. தட்டிப் பாத்தேன், அடியில சிமெண்டே இல்ல," என்றான் அவன்.

தங்கச்சி அவனைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்துப் பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். நான் எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்று இரண்டு பேரையும் எடுத்தேன். தெளிவாக வந்தது. அவன் புருவத்து நரைகூட எண்ணலாம். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அவன் கையை நீட்டினான். காமிராவை வாங்கிச் சின்னத் திரையில் பார்த்தான். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தான்.

"ரெண்டு பேருதான் இருக்காங்க."

"லென்ஸ் அவ்வளவுதான் பிடிக்கும்."

"அகலமா வேற கிடைக்கலையா?"

தங்கச்சி சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் மடியில் கிடந்த துண்டை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"கிடைச்சுது," என்றேன். "நான்தான் இதை வாங்கினேன்."

தம்பி என்னைப் பார்த்தான். பொறியாளர் முன்னால் பார்த்த அதே பார்வையாக இருக்கும் என்று நான் பயந்தேன். அப்படி இல்லை. இடம் போதாத மூலையில் எந்த டைலை எப்படி வைப்பது என்று கணக்குப் போடும்போது பார்ப்பானே, அந்தப் பார்வை.

"அப்போ நெருக்கிப் போட வேண்டியதுதான்," என்றான். "நீ வா."

மணி நாலு நாற்பது. காமிராவை நிறுத்த ஒன்றும் நான் கொண்டு வரவில்லை. சாப்பாடு வைக்கிற சக்கர மேஜையைச் சுவரோரம் தள்ளி, தங்கச்சி மடித்த துண்டை அதன் மேல் போட்டு, காமிராவை உட்கார வைத்தேன். தம்பி முகத்தில் தெளிவு வைத்தேன். கடைக்காரர் சொன்ன பொத்தானைத் தள்ளினேன். டைமரை அமுக்கிவிட்டு நடந்தேன். காமிராவின் சிவப்பு விளக்கு மின்னியது; கடைசி இரண்டு செகண்டில் வேகமாக மின்னும். ஆறாவது டைலில் முட்டி பிடித்துக்கொண்டது. உட்காரக் குனிவதற்குள் சொடுக்குச் சத்தம் கேட்டது.

தங்கச்சி போய்ப் பார்த்தாள். "உன் பின்பக்கம் நல்லாத் தெளிவா விழுந்திருக்கு."

தம்பி சிரிக்கப் போய் இருமல் வந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டான். இரண்டு நிமிஷம் அதில் போயிற்று. அவன் மூச்சு சீராகும்வரை நானும் தங்கச்சியும் அசையவில்லை.

இரண்டாவது முறை போய் உட்கார்ந்துவிட்டேன். அவன் மேல் படாமல் ஓரமாக, கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். படத்தில் என் முகம் பாதி வெளியே போயிருந்தது. உள்ளே இருந்த பாதியும் கலங்கியிருந்தது.

"நீ நூல்ல இல்ல," என்றான் தம்பி. தங்கச்சியின் தோளைக் காட்டினான். "அந்த நூலைக் குடு."

அவள் ஊசியிலிருந்து நூலை உருவிக் கொடுத்தாள். ஒரு முனையைக் கட்டிலின் கால்மாட்டில் மருந்துப் பாட்டில் தொங்கவிடுகிற உயரக் கம்பியில் கட்டினான். நாங்கள் கட்டுகிற முடிச்சு. ஒரு இழுப்பில் அவிழும். முடிச்சு தப்பவில்லை. மறுமுனையைத் தங்கச்சி கையில் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னான். நூல் எங்கள் முகத்துக்கு முன்னால் குறுக்கே நின்றது.

"மூக்கு நூல்ல படணும். மூணு மூக்கும். வேகமா மின்ன ஆரம்பிச்சதும் நூலை விட்டுடு." இவ்வளவு பேசியதில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "அப்புறம் ஒருத்தரும் அசையக் கூடாது."

வெளியே நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். "இன்னும் அஞ்சு நிமிஷம்தான்."

அமுக்கினேன். நடந்தேன். இந்த முறை முட்டி வழி விட்டது. நூலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்தேன். ஒட்டி உட்கார்ந்தால்தான் நான் உள்ளே வருவேன். என் தோளை அவன் தோளுக்குப் பின்னால் செருகினேன். எலும்பு எலும்போடு இடித்தது. அவன் கன்னத்துச் சூடு என் கன்னத்தில் தெரிந்தது. மருந்து வாடை. மூக்கு நுனியில் நூல்.

விளக்கு மெதுவாக மின்னிக்கொண்டிருந்தது. இப்போது அவன் திரும்ப முடியாது. திரும்பினால் நூலை விட்டு விலகிவிடுவான், படம் போய்விடும். ஒரு வேலையை அவன் கெடுக்க மாட்டான். எனக்கு அது தெரியும். அந்தத் தைரியத்தில்தான் காமிராவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்தக் குறிய நீ மாத்தலடா. தப்பா வெச்சது நான்தான்."

விளக்கு வேகமாக மின்ன ஆரம்பித்தது. தங்கச்சி நூலை விட்டாள். அவன் திரும்பவில்லை. தோள் மட்டும் ஒரு தடவை அசைந்தது.

"அது அந்தத் தண்ணிக்கே தெரியும்ணே," என்றான்.

சொடுக்குச் சத்தம் கேட்டது.

தங்கச்சி காமிராவை எடுத்து வந்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அவள் பல் தெரியச் சிரித்துவிட்டிருந்தாள், கண்ணில் தண்ணீரோடு. நான் அகப்பட்டுக்கொண்டவன் மாதிரி முழித்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் என் ஒரு காது வெட்டுப்பட்டிருந்தது. நடுவில் அவன் வாய் திறந்திருந்தது. கீழே, விழுகிற நூல் வெள்ளையாக ஒரு கோடு. மூன்று முகமும் தெளிவு.

"இன்னொண்ணு எடு," என்றாள் தங்கச்சி. "வாயை மூடிட்டு, நல்லபடியா."

"மணி ஆச்சு," என்றார் நர்ஸ். மேஜையை அதன் இடத்துக்குத் தள்ளினார். நூலைப் பார்த்து ஏதோ கேட்க வந்தவர், கேட்காமல் விட்டுவிட்டார். கதவருகே நான் திரும்பிப் பார்த்தேன். தம்பி ஒரு இழுப்பில் முடிச்சை அவிழ்த்து, நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது. நானும் தங்கச்சியும் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உயிர் தங்கியது. டாக்டர் சொன்னபடி குரல் தங்கவில்லை.

இரண்டாம் நாள் கடைக்காரர் போன் செய்தார். "அறை சின்னதுன்னீங்களே, லென்ஸ மாத்திக்கறீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த முப்பத்தைந்தை எப்படியாவது தள்ளிவிடும் நோக்கம் அவருக்கு இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கழுத்தில் துளை, அதில் குழாய், கையில் எழுதுகிற பலகையோடு உட்கார்ந்திருந்தான். படத்தை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தான். கிட்டே வைத்துப் பார்த்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பிறகு பலகையில் எழுதி என் பக்கம் திருப்பினான்.

'இடது பக்கம் சாய்வு.'

"பிரிண்டு போட்டவன் வெட்டினது..." என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, சக்கர மேஜையைச் சுவரோரம் அன்றைக்கு இருந்த இடத்துக்குத் தள்ளினேன். சட்டைப் பையில் விரல் நீள ரசமட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். குமிழி நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஓடிப்போய் நின்றது.

"ஆமாண்டா. மட்டம் பாக்காம வெச்சது நான்தான்," என்றேன்.

அவன் பலகையைத் துடைத்தான். வேறு எதுவும் எழுதவில்லை. படத்தில் வெட்டுப்பட்ட என் காதின் மேல் விரலை வைத்து, இது யார் வேலை என்பது போலப் புருவத்தைத் தூக்கினான்.